மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்

 

அண்மையில் ஒரு ஜமாஅத் கூட்டத்தில் நானும் அமர்ந்திருந்தேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. பள்ளிவாசலின் மோட்டார் பழுது, கபரஸ்தான் சுற்றுச்சுவர், ரமலான் கஞ்சிக்கான அரிசி என ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். இறுதியில் பெரியவர் ஒருவர் எழுந்தார். சமுதாயத்தின்மீது மெய்யான அக்கறை கொண்டவர். மதரஸாவுக்குப் பாய் வாங்கித் தந்தவரும் அவரே. அவர் சொன்னார்:

“பிள்ளைகள் மாலை ஆறு மணிக்குத்தான் பள்ளி வேனிலிருந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் டியூஷன். ஓத வருகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். தினமும் மஃரிபுக்குப் பிறகு மதரஸா நடத்துவதைவிட, ஞாயிறு ஒரு நாள் மட்டும் இரண்டு மணி நேரம் நடத்தினால் போதாதா? ஹஸ்ரத்துக்கும் சிரமம் குறையும்.”

பல தலைகள் அசைந்தன. முத்தவல்லி என்னைப் பார்த்து, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. என் சிரமத்தைக் குறைக்க முன்வந்தவரிடம், “என் சிரமம் குறைய வேண்டாம்” என்று எப்படிச் சொல்வது? ரமலானுக்குப் பின் முடிவெடுக்கலாம் எனக் கூட்டம் கலைந்தது. அன்று சொல்லாத விடையை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் ஜமாஅத்திலும் இதே கேள்வி எழுந்திருக்கலாம். எழவில்லையெனில் விரைவில் எழும்.

மக்தப் என்பது யாது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ‘மதரஸா’ என்னும் ஒரே சொல்லால் இருவேறு கல்விக்கூடங்களை நாம் குறிப்பிடுகிறோம். எங்கள் பகுதியில், வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டையில், 1862ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் ஜாமிஆ மன்பவுல் அன்வார் போன்றவை ஆலிம்களை உருவாக்கும் அரபுக் கல்லூரிகள். மாணவர்கள் அங்கேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் பயில்வார்கள். பள்ளிவாசலின் ஓரத்திலோ மேல்தளத்திலோ காலையும் மாலையும் நம் பிள்ளைகள் சென்று ஓதிவருவது மக்தப். நம் பாட்டன்மார் இதனை ‘ஓதும் பள்ளி’ என்றார்கள். நாம் ‘குர்ஆன் மதரஸா’ என்கிறோம்.

2006ஆம் ஆண்டு நவம்பரில் அரசிடம் அளிக்கப்பட்ட நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது. பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாக்களில் பயில்வோர் நூற்றுக்கு 3 அல்லது 4 பேர் மட்டுமே. மக்தபுகளோ பொதுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பகுதி நேரத்தில் கற்பிப்பவை. பொதுக் கல்விக்குத் துணையாக நிற்பவை. இவ்விரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்வதையும் அக்குழு சுட்டிக்காட்டியது.

ஆக, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நம் பிள்ளைகளுக்குச் சமுதாயம் தன் கைப்பொருளால், தன் இடத்தில், தன் ஆசிரியரைக் கொண்டு தரக்கூடிய கல்வி இந்த மக்தப் ஒன்றே. அதை வாரத்துக்கு ஒரு நாளாகச் சுருக்குவதா வேண்டாமா என்பதே நம்முன் உள்ள வினா.

நன்னியின் கிதாபு

என் அன்னையின் தாயாரை நாங்கள் நன்னி என்று அழைப்போம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கைநாட்டு வைத்தவர். தேர்தலில் சின்னம் பார்த்து வாக்களித்தவர். அரசாங்கக் கணக்கில் அவர் எழுத்தறியாதவர்.

ஆனால் இரவு இஷாவுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து, பழுப்பேறிய ஒரு கிதாபைப் பிரித்து, தொழுகையின் சட்டங்களையும் நபிமார் வரலாறுகளையும் அவர் வாசிப்பார். அண்டை வீட்டுப் பெண்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். வாசித்த மொழி தமிழ், எழுத்து அரபி. அதுதான் அரபுத் தமிழ்.

ப, ச, ட, ண, ள, ழ, ங முதலிய நம் தமிழ் ஒலிகள் பலவற்றுக்கு அரபியில் எழுத்தில்லை. ஆகவே முன்னோர் அரபி எழுத்துகளின்மீது கூடுதல் புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெருமக்கள் இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் அவை வீடுதோறும் வாசிக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் பொருளை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண்பிள்ளை, ஓதும் பள்ளியில் குர்ஆனை ஓதுவதற்காக அரபி எழுத்தைக் கற்கிறாள். அதே எழுத்தைக் கொண்டே தன் தாய்மொழியிலுள்ள நூல்களையும் வாசிக்கும் வாயில் அவளுக்குத் திறந்துவிடுகிறது. ஒரே எழுத்து, இரண்டு பயன்! மக்தபுக்குப் போன பிள்ளை பொருள் புரியாமல் ஓசையை மட்டும் சுமந்து திரும்பக் கூடாது. தன் மொழியில் மார்க்கத்தை அறிந்து திரும்ப வேண்டும். நம் மூத்தோர் கண்ட கல்விமுறை அதுவே.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் பெருகின. தமிழ் எழுத்தில் மார்க்க நூல்களும் திருக்குர்ஆன் விளக்கங்களும் நிறைய அச்சாயின. அரபுத் தமிழ் மெல்ல மறைந்தது. அதில் வருந்த ஒன்றுமில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். தமிழ் எழுத்துத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியுமே!

தெரியுமா? இந்த ஐயம் எனக்கு ஒரு சிறுவனால் வந்தது.

ஆதம் என்னும் மூன்றெழுத்து

அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. தந்தையார் சவூதியில் வேலை பார்க்கிறார். தாயார் பிள்ளைகளுடன் ஊரில் இருக்கிறார். அவன் குர்ஆனை அழகாக ஓதுவான். ஓசை இனிமை, உச்சரிப்பில் பிழை காண்பது அரிது. சென்ற கல்வியாண்டில் அவன் ஆறாம் வகுப்பு. ஒரு நாள் தொழுகையின் பர்ளுகள் அடங்கிய சிறு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தான். சோம்பல் என்று எண்ணினேன். அடமென்று எண்ணினேன். கையிலிருந்த பிரம்பால் ஓர் அடியும் கொடுத்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தாயார் வந்து, மதரஸா வாசலுக்கு வெளியே நின்று சொன்னார்: “ஹஸ்ரத், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்குத் தமிழ் எழுத்தே தெரியவில்லை. இங்கிலீஷும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். டியூஷனுக்கு அனுப்பினேன், அங்கே வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவன் ஒழுங்காகப் படிப்பது உங்களிடம் ஓதுவது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?”

நான் தலைகுனிந்து நின்றேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் முதல் வகுப்பு. தமிழகத்தில் சிறு வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கற்கும் பருவம் முழுவதும் கதவடைப்பில் கழிந்துவிட்டது. அதன்பின் வகுப்பு ஓடியது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அப்படியானால் அவன் அரபியை மட்டும் எப்படிக் கற்றான்? இவ்வினாவே என்னை உறங்கவிடவில்லை. விடை எளியது. மக்தபில் பிள்ளைகளை வயது பார்த்து அமர்த்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அலிஃப், பே, தே கற்கும் பத்து வயதுப் பிள்ளையும் உண்டு. அம்ம ஜுஸ்உ முடித்த ஏழு வயதுப் பிள்ளையும் உண்டு. ஒவ்வொருவராக உஸ்தாத் முன் வந்து பாடம் கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் அடுத்த பக்கம். தவறினால் நாளையும் அதே பக்கம். அதில் அவமானம் இல்லை. நாற்பது பேர் ஒன்றாகச் சொல்லும் கூச்சலுக்குள் ஒருவன் வாயசைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. நூற்றாண்டுகளாக நம் கையிலிருக்கும் இந்த முறையின் அருமையை நாமே உணராமல் இருந்துவிட்டோம்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஓதல் நாற்பது நிமிடம். எஞ்சிய இருபது நிமிடம் தமிழ். அவனோடு இன்னும் ஒன்பது பிள்ளைகள் அதே நிலையில் இருப்பது விசாரித்தபோது தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் தமிழிலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவன் நான்; ஆனால் ‘அ’னாவைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைப் பிரித்தால் அவன் முகம் வாடியது. எனவே அவன் நன்கறிந்ததிலிருந்து தொடங்கினேன். நபிமார்களின் பெயர்களை அவன் மனப்பாடமாகச் சொல்வான் அல்லவா? கரும்பலகையில் ‘ஆதம்’ என்று எழுதினேன்.

அந்த மூன்றெழுத்தைப் பாருங்கள். ‘ஆ’ உயிரெழுத்து, ‘த’ உயிர்மெய், ‘ம்’ புள்ளி வைத்த மெய். தமிழ் எழுத்தின் மூன்று வகையும் முதல் மனிதரின் பெயரிலேயே அமைந்துவிட்டன! அடுத்து ஈஸா, இப்ராஹீம், அய்யூப். பிள்ளைகளை மிகவும் வருத்துவது ஊகார வரிசை. எழுத்துக்கு எழுத்து அதன் உருவம் மாறும். லூத், நூஹ், மூஸா, யூனுஸ், தாவூத் என ஐந்து பெயர்களை எழுதியபோது ஐந்து ஊகாரங்கள் கைக்கு வந்தன. நபிமார் பெயர்களில் இல்லாத எழுத்துகளை அன்றாடம் பேசும் சொற்களிலிருந்து எடுத்தோம். தொழுகையில் ழகரம், பள்ளியில் ளகரம், மறுமையில் றகரம், வணக்கத்தில் ணகரம். முதலில் ஒலி நெஞ்சில் இருந்தது. எழுத்து அதன்மேல் வந்து அமர்ந்தது. நன்னி கற்ற வழியும் இதுதானே? அவர் அரபி எழுத்திலிருந்து தமிழுக்கு வந்தார். இப்பிள்ளைகள் அரபிப் பெயர்களிலிருந்து தமிழ் எழுத்துக்கு வந்தார்கள்.

அவன் வகுப்பில் முதலிடம் பெற்றான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நிகழவில்லை. கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். ஏழெட்டு மாதங்களுக்குப் பின் ஒரு நாள், தாயாரின் கைப்பேசியில் தந்தைக்குத் தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பினான்: “அத்தா நான் நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?” அதுவரை குரல் பதிவு மட்டுமே போய்க்கொண்டிருந்த கைப்பேசி அது. தந்தை உடனே அழைத்து, “யார் எழுதிக்கொடுத்தது?” என்று மூன்று முறை கேட்டாராம். இதைத் தாயார் என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. பிரம்பை நான் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டேன்.

அரசும் இவ்வழியையே நாடியது

கொரோனாவால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவரவர் குடியிருப்பின் அருகிலேயே, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், தன்னார்வலர்கள் கற்பிப்பதே அத்திட்டம். நம் குடியிருப்பு, மாலை நேரம், ஒரு மணிப் பொழுது, சிறு கூட்டம்! மக்தபின் வடிவமும் ஏறக்குறைய இதுவே. பெரும் பொருட்செலவில் அரசு அமைக்க வேண்டியிருந்த ஒன்று, பாய் விரித்து விளக்கேற்றிய நிலையில் நம்மிடம் முன்னமே இருக்கிறது. அதைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருக்க எண்ணுகிறோம்.

பிறர் கண்ட வழிகள்

நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1951இல் அமைந்த சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்பியாச வாரியத்தின்கீழ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்கள் இயங்குகின்றன. பெரும்பாலும் பள்ளி திறக்குமுன் காலையில் பாடம். ஒரே பாடத்திட்டம், 5, 7, 10, 12ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு. அந்தக் காலை நேரத்தை அவர்கள் கண்ணின் மணியெனக் காக்கிறார்கள். 2025இல் அம்மாநில அரசு உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரை மணி நீட்டியபோது, அது மதரஸா நேரத்தைப் பாதிக்கும் என்று சமஸ்த வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. நம்மிடமிருந்து எவரும் நேரத்தைப் பறிக்கவில்லை. நாமே கொடுத்துவிட முனைகிறோம்.

இலங்கையில் ஞாயிறுதோறும் ‘அஹதிய்யா’ப் பள்ளிகள் நடக்கின்றன. ஆகவே ஞாயிறு வகுப்பு பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாத இடத்தில் அது பேருதவி. வழியுள்ள இடத்தில் அது பின்வாங்கல்.

சிங்கப்பூரின் கதை நம் நெஞ்சை நிமிரச் செய்வது. பிழைப்பு நாடிச் சென்ற கடையநல்லூர் முஸ்லிம்கள், போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், தங்கள் முஸ்லிம் லீக்கின் சார்பில் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்த அப்பள்ளி, தமிழ்வழி பயில்வோர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. தம் பள்ளியில் தமிழ் வகுப்பில்லாத மாணவர்கள், பள்ளி நேரத்துக்கு வெளியே வந்து தமிழ் கற்பதற்கென அந்நாட்டுக் கல்வி அமைச்சு நடத்தும் நிலையம் இன்றும் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் என்றே வழங்குகிறது. தினக்கூலிகளும் சிறு வணிகர்களும் இட்ட விதையின் நிழலில் இன்று எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அமர்ந்து படிக்கிறார்கள்.

இங்கிலாந்துக்கு வாருங்கள். கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினப் பிள்ளைகள் பலரை அறிவு குன்றியோர் பள்ளிகளுக்குத் தள்ளிய கொடுமையை, 1971இல் பெர்னார்டு கோர்டு என்னும் ஆசிரியர் ஒரு சிறுநூலில் அம்பலப்படுத்தினார். பெற்றோர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. தேவாலயக் கூடங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்தி, தம் பிள்ளைகளுக்குத் தாமே எழுத்தும் கணக்கும் தம் வரலாறும் கற்பித்தார்கள். 1985இல் வெளியான சுவான் குழு அறிக்கை, தாய்மொழியைப் பேணும் பணி முதன்மையாக அந்தந்தச் சமுதாயத்தையே சார்ந்தது என்று கருத்துரைத்தது. மேற்கு இலண்டன் தமிழ்ப் பள்ளி அதற்கு முன்பே, 1978இல், தொடங்கிவிட்டது. வாரம் முழுதும் வேலை பார்த்துக் களைத்த பெற்றோர், ஓய்வு நாளில் குளிரில் பிள்ளைகளை அழைத்துச் சென்று ‘அ’னா எழுத வைக்கிறார்கள். நமக்கோ அந்த இடம் தெருமுனையில் இருக்கிறது.

இரண்டு மறுப்புகள்

“மதரஸா ஓதுவதற்கு, அங்கே எதற்குத் தமிழும் கணக்கும்?” என்று மூத்தோர் சிலர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது மார்க்கப் பற்றினால் என்பதை அறிவேன். அவர்களுக்குப் பத்ருப் போரின் பின்னிகழ்வை நினைவூட்டுகிறேன். சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷிகளில் எழுதத் தெரிந்தும் மீட்புப் பணம் இல்லாதவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறும். கற்பித்தவர்கள் ஈமான் கொள்ளாதவர்கள். கற்பித்த பாடம் எழுத்து. பத்துப் பிள்ளைகளின் கல்வி ஓர் உயிரின் மீட்புத் தொகைக்கு ஈடாக வைக்கப்பட்டது! ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததும் நாம் அறிந்ததே. எழுத்தறிவு மார்க்கத்துக்குப் புறம்பானது என்று எவர் சொல்ல இயலும்?

“உலகம் ஆங்கிலத்தைக் கேட்கிறது; தமிழால் என்ன பயன்?” என்பது இளைய பெற்றோரின் மறுப்பு. ஆங்கிலம் வேண்டும், மறுப்பவர் யார்? ஆனால் பேசும் மொழியை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை, பேசாத மொழியை மட்டும் எப்படி வாசிக்கும்? அன்றியும், அப்பிள்ளை வளர்ந்து திருக்குர்ஆனின் பொருளை அறிய விரும்பும் நாளில் எந்த மொழியில் அறியும்? தமிழ் விளக்கங்கள் அலமாரியில் அடுக்கியிருக்க, அவற்றை வாசிக்கத் தெரியாத தலைமுறையை நாம் வளர்த்துவிட்டால், அந்தக் கணக்கை நாளை எங்கே ஒப்படைப்பது?

வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அவர்கள் மொழி அவர்களுக்குத் தாய்ப்பால். அதுவும் மக்தபில் வாழ வேண்டும். அதே வேளையில், 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழ் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமானபின், அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கே தமிழில் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது. நம் அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவு தனித்த மொழி, எழுத்து, பண்பாடு உடையோர் அவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நடைமுறையாக்கும் இடம் மக்தப்.

அச்சில் ஊற்றிய களிமண்

இனி அந்தப் பெரியவரின் யோசனைக்கு வருகிறேன். கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு மணி, வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு நாற்பது வாரம் என்றால் 200 மணி நேரம். எட்டு ஆண்டு ஓதும் பிள்ளைக்கு 1,600 மணி. ஞாயிறு இரண்டு மணி என்றால் ஆண்டுக்கு 80. எட்டு ஆண்டில் 640. ஒரு தீர்மானத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 960 மணி நேரம் போய்விடுகிறது.

எங்கள் பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் பொம்மை வார்க்கும் விதத்தை எனக்குக் காட்டினார். கூழ்போல் கரைத்த களிமண்ணைச் சுண்ண அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு மெல்ல மெல்ல நீரை உறிஞ்சுகிறது. ஓரத்தில் களிமண் படிந்து சுவராகிறது. உரிய நேரம் வைத்திருந்து மிச்சக் குழம்பை வடிக்க வேண்டும். “அவசரப்பட்டு வடித்தால் என்ன ஆகும்?” என்று கேட்டேன். “சுவர் மெல்லிசாகிவிடும் ஹஸ்ரத், பார்க்கப் பொம்மை மாதிரிதான் இருக்கும், கையில் எடுத்தால் நொறுங்கும்” என்றார். பிள்ளைகளுக்கும் அப்படியே. படிவதற்கு நாள்தோறும் சிறிது நேரம் வேண்டும். ஞாயிறு ஊற்றித் திங்கள் வடித்தால் ஒன்றும் படியாது.

நாம் செய்யத் தக்கவை

குறை சொல்லி நிறுத்துவது என் நோக்கமன்று. ஒவ்வொரு ஜமாஅத்தும் இயன்ற அளவில் இவற்றைச் செய்யலாம்:

1. மாலை நேரத்தை விட்டுவிடாதீர்கள். வேன் தாமதமென்றால் மஃரிபுக்குப் பின் தொடங்குங்கள். இஷா ஜமாஅத்தோடு முடியுங்கள். நேரத்தை மாற்றலாம், நாளைக் குறைக்க வேண்டாம்.

2. ஓதலுக்குப் பின் இருபது நிமிடமேனும் தாய்மொழி வாசிப்பு வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, யாருக்கு எழுத்துத் தெரியவில்லை என்று முதல் வாரத்திலேயே கண்டறியுங்கள். பிரம்பால் கண்டறிய முடியாது. நான் முயன்று தோற்றவன்.

3. நம் தெருக்களில் பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கும் சிறுவர்களுக்கும் தமிழும் கணக்கும் கற்பிக்க அவர்களை அழையுங்கள். மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள்.

4. டியூஷனுக்கு மாதந்தோறும் தயங்காமல் கொடுக்கும் நாம், மதரஸாவின் மாதச் சந்தாவுக்குச் சில்லறை தேடுகிறோம். உஸ்தாதின் சம்பளத்தை உயர்த்துங்கள். 2009இல் அமைக்கப்பட்ட உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினராகப் பதிவு செய்ய ஜமாஅத்தே முன்னின்று உதவட்டும்.

5. மதரஸாவில் ஒரு சிறு அலமாரி வையுங்கள். நபிமார் கதைகள், எளிய தமிழ் நூல்கள், உருதுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உருதுப் பாடநூல். வெள்ளிக்கிழமை ஒரு நூல் எடுத்துச் செல்லட்டும்.

6. தாய்மார்களே! வீட்டிலும் பத்து நிமிடம் கொடுங்கள். பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். கேட்க ஒருவர் இருந்தால்தான் வாசிப்பவருக்கு ஊக்கம்.

ரமலானுக்குப் பின் அந்தக் கூட்டம் மீண்டும் கூடும். முத்தவல்லி என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பார். இம்முறை நான் ஒரு பிள்ளையை உடன் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொல்வேன். திக்கித் திக்கித்தான் வாசிப்பான். வாசித்து முடிக்கும் வரை பெரியவர்கள் பொறுமையோடு கேட்பார்களானால், மீதியை நான் சொல்ல வேண்டியிராது.

உங்கள் ஊரில் மஃரிபுக்குப் பின் மதரஸாவின் விளக்கு எரிகிறதா? இன்று தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை எட்டிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வராத பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்றும் விசாரியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்கி, அதற்குத் துணைநிற்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.